பிலிப்பைன்ஸ் நாட்டு வீட்டுப் பலகாரங்கள்: ஒரு வரலாற்று நோக்கு

முந்நூறு ஆண்டுகளைக் கன்னியர் மடத்திலும் ஐம்பது ஆண்டுகளை ஹொலிவூட்டிலும் கழித்தவர்கள் என்பது பிலிப்பைன்ஸ் மக்களைப் பற்றி அவர்களிடையேயே வழங்கிவரும் ஒரு நையாண்டி. 1565 தொடக்கம் 1898 வரை ஸ்பானியராலும், பின்னர், இடைப்பட்ட யப்பானிய ஆக்கிரமிப்புக் காலம் நீங்கலாக, 1946 வரை ஐக்கிய அமெரிக்காவாலும் ஆளப்பட்ட ஒரு நாட்டின் வரலாற்றை இது ஒரே வரியில் அடக்கிவிடுகின்றது. அவ்வாறு அடக்கும்போதே ஒரு தீர்ப்பையும் வழங்கிவிடுகின்றது. இம்மக்கள் இரவற் பண்பாட்டினர், தமக்கென ஒன்றும் இல்லாதவர் என்பதே அத்தீர்ப்பு. சட்டம், சமயம், கல்வி, நிருவாகம் ஆகியவற்றை மட்டும் வரலாறெனக் கொள்வோருக்கு அது பொருத்தமானதாகவே தோன்றும். ஆனால் வீட்டு அடுக்களையிலே பெண்கள் ஆக்கிவந்த இனிப்புப் பலகாரங்களையும் வரலாற்றுச் சான்றாகக் கொண்டு நோக்குமிடத்து அத்தீர்ப்பை மீள ஆராய வேண்டியதாகின்றது.

மேலோட்டமாகப் பார்ப்பின் பலகாரங்களும் நையாண்டிக்கே சாட்சி சொல்வன போலத் தோன்றும். லெச்சே பிளான், பொல்வொரோன், பஸ்தில்லாஸ் என்பன ஸ்பானியப் பெயர்கள். ஹோப்பியா, திக்கொய் என்பன சீனத்தின் ஹொக்கியன் பேச்சுவழக்கிலிருந்து வந்தவை. சம்பொராடோ மெக்சிக்கோவிலிருந்து வந்தது. கிழங்கினால் ஆக்கப்படும் ஹலாயா என்பதும் பழப்பாகைக் குறிக்கும் ஹலேயா என்னும் ஸ்பானியச் சொல்லின் திரிபேயாகும். பெயரை மட்டும் கொண்டு வரலாறு எழுதுவது எத்துணை ஆபத்தானது என்பதற்கு இவை நல்ல உதாரணங்களாகும். ஒரு பலகாரம் எம்மாவினால், எக்கொழுப்பினால், எவ்வகை வெப்பத்தினால் ஆக்கப்படுகின்றது என்பதே அதன் பிறப்பைப் பெயரினும் தெளிவாகக் காட்டும்.

ஸ்பானியர் வருவதற்கு முன்னரே இத்தீவுகளின் இனிப்புக்கு ஓர் இலக்கணம் இருந்தது. அரிசி அதன் உடல். தேங்காய்ப்பால் அதன் கொழுப்பு. வாழையிலையும் மூங்கிற்குழாயும் அதன் கலங்கள். நீராவியும் தணலும் அதன் வெப்பம். 1521இல் மகெல்லனின் கப்பலில் வந்த அந்தோனியோ பிகாஃபெற்றா என்னும் இத்தாலியர் தமது குறிப்பேட்டிலே தென்னையைப் பற்றி வியந்து எழுதியுள்ளார். அதிலிருந்து கள்ளும் எண்ணெயும் காடியும் பாலும் பெறப்படுவதையும், இரண்டு தென்னைகள் பத்துப்பேர் கொண்ட குடும்பமொன்றைத் தாங்குமென்பதையும் அவர் குறித்து வைத்தார். பலவான் தீவில் மக்கள் மூங்கிற்குழாய்களில் அரிசியைச் சமைத்ததையும் அவர் கண்டார். தென்னையோடு வளர்ந்தவர்களுக்கு இச்செய்திகள் புதியனவல்ல. ஆனால் கடலோடி ஒருவரின் வியப்பு, அன்று அங்கு முழுமை பெற்றிருந்த ஓர் உணவு முறைக்கு எழுத்திலான சான்றாகி நிற்கின்றது.

அரிசிப் பலகாரங்கள் அனைத்துக்கும் தகாலொக் மொழியில் 'கக்கானின்' என்பது பொதுப்பெயர். சோற்றைக் குறிக்கும் 'கானின்' என்னும் சொல் அதனுள்ளேயே அடங்கியிருக்கின்றது. அரிசியை இரவு முழுவதும் ஊறவிட்டுக் கல்லாலான திரிகையில் நீர்விட்டு அரைத்தெடுக்கும் மாக்கூழ் 'கலப்பொங்' எனப்படும். அதனைச் சற்றுப் புளிக்கவிட்டு ஆவியில் அவித்தால் புத்தோ. மட்கலத்தில் வாழையிலை பரப்பி, அதில் வார்த்து, கீழும் மேலும் தணலிட்டு வேகவிட்டால் பிபிங்கா. வெந்தபின் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் பசையரிசியைத் தேங்காய்ப்பாலிற் சமைத்து இலையில் நீளமாகச் சுற்றி அவித்தால் சுமான். அதையே கரும்பு வெல்லத்துடன் கிண்டித் தட்டில் பரப்பினால் பிக்கோ. தேங்காய்ப்பாலைக் காய்ச்சிக் காய்ச்சி எண்ணெய் பிரிந்தபின் அடியில் எஞ்சும் பொன்னிறக் கசடு 'லாத்திக்' எனப்பட்டுப் பலகாரத்தின்மேல் தூவப்படும். எண்ணெய், கசடு என இரண்டும் பயன்படும் இம்முறையில் வீணாவது எதுவுமில்லை.

புத்தோ என்னும் சொல் மலாய் மொழியின் புத்து வழியாகத் தமிழின் பிட்டோடு உறவுடையது என்று கருதுவோர் உளர். சொல்லின் உறவு எவ்வாறாயினும் செய்முறை ஒற்றுமை கவனத்துக்குரியது. ஊதா நிற அரிசி கலந்த மாவை மெல்லிய மூங்கிற்குழல்களில் இட்டு, கொதிகலத்தின்மேல் நிறுத்தி, ஆவி பறக்க அவித்து, குழலிலிருந்து தட்டியெடுத்துத் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்த்து உண்ணும் புத்தோ பும்பொங் என்னும் பலகாரத்தைக் குழற்பிட்டு அறிந்த எவரும் இனங்கண்டுகொள்வர். 'பும்பொங்' என்பது அக்குழலின் பெயரே.

இப்பலகாரங்கள் வெறும் தின்பண்டங்களாக இருக்கவில்லை. வட லூசோனில் இலொக்கானோ மக்கள் இறந்தோருக்கு இடும் 'ஆத்தாங்' என்னும் படையலிற் பசையரிசிப் பலகாரங்கள் இன்றும் வைக்கப்படுகின்றன. திருச்சபை இத்தகைய வழக்கங்களை முற்றாக ஒழிக்கவில்லை, ஒழிக்க முடியவுமில்லை. டிசெம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாட்கள் விடியுமுன் நடைபெறும் கிறிஸ்மஸ் காலப் பூசைகள் உழவர் வயலுக்குச் செல்லுமுன் பூசை காண்பதற்கு வசதியாக அந்நேரத்தில் வைக்கப்பட்டன என்பர். பூசை முடிந்து வெளிவருவோருக்குக் கோயில் வாயிலில் காத்திருந்தவை பிபிங்காவும் புத்தோ பும்பொங்குமே. வழிபாடு உரோமையிலிருந்து வந்தது. அதன் பின் உண்ணப்பட்டது வயலிலிருந்து வந்தது.

மணிலாவுக்கும் மெக்சிக்கோவின் அக்கபுல்கோவுக்கும் இடையே 1565 முதல் 1815 வரை நடந்த கப்பல் வாணிகம் வெள்ளியோடும் பட்டோடும் நின்றுவிடவில்லை. மரவள்ளி, சோளம், கொக்கோ முதலிய பயிர்களும் அவ்வழியே வந்திறங்கின. இவற்றுள் கொக்கோவின் கதை விரித்துரைக்கத்தக்கது. மெக்சிக்கோவில் சம்புராடோ என்பது சோளமாவைக் கொக்கோவுடன் கரைத்துக் காய்ச்சும் கூழ். பிலிப்பைன்ஸ் அடுக்களையிற் சோளமா நீங்கியது. பசையரிசி அதன் இடத்தைப் பெற்றது. காலையிலே பரிமாறப்படும் கருமை நிறமான இனிப்புக் கஞ்சியாக அது மாறியது. அதனோடு கூடச் சேர்த்து உண்ணப்படுவது பொரித்த கருவாடு! பிறநாட்டார் முகஞ்சுளிக்கும் இச்சேர்க்கை, இனிப்பும் உவர்ப்பும் அருகருகே நிற்க வேண்டுமென்னும் உள்ளூர் நாவின் கட்டளையினால் விளைந்தது. இவ்விடத்தில் இரவல் வாங்கியவர் யார், இரவற்பொருளை ஆண்டவர் யார் என்ற வினா தானாகவே எழுகின்றது.

கொக்கோ சமூகத் தரத்தை அளக்கும் கோலாகவும் இருந்தது. ஹொசே ரிசால் 1887இல் வெளியிட்ட 'நோலி மே தாஞ்சரே' நாவலில், விருந்தினரின் தகுதியைப் பொறுத்துக் கட்டியான சொக்கலேற்றையோ நீர்த்த சொக்கலேற்றையோ கொண்டுவரும்படி பணியாளருக்குக் குறிப்புமொழியில் உத்தரவிடும் குருவானவரின் கதை வருகின்றது. சிரிப்பை வருவிப்பதாயினும் அது குடியேற்ற ஆட்சியின் கூர்மையான சித்திரம். அதே ரிசால், அந்தோனியோ தெ மொர்கா 1609இல் எழுதிய வரலாற்று நூலை 1890இல் குறிப்புரைகளுடன் மீளப் பதிப்பித்தபோது, உள்நாட்டார் அழுகிய மீனை விரும்பி உண்பர் என்ற மொர்காவின் கூற்றைக் கண்டித்துப் பழகாத உணவை இழிவெனக் கொள்ளும் மனப்பான்மையைச் சுட்டிக்காட்டினார். தேசிய இயக்கத்தின் தலைமகன் ஒருவர் உணவைப் பற்றிய ஓர் அவதூறுக்கும் விடையிறுக்க வேண்டுமெனக் கருதியமை சிந்திக்கத்தக்கது.

லெச்சே பிளான் என்னும் முட்டைப் பாற்களியைப் பற்றி ஒரு கதை பரவலாக வழங்குகின்றது. ஸ்பானியர் தேவாலயங்களைக் கட்டியபோது சுண்ணச்சாந்தில் முட்டையின் வெள்ளைக் கருவைக் கலந்தனர் என்றும், எஞ்சிய மஞ்சட்கருவை வீணாக்க விரும்பாத பெண்கள் அதனாற் பலகாரம் செய்தனர் என்றும் அக்கதை கூறும். கதை அழகானது, ஆனால் அதனைப் பிளானின் பிறப்புக்கான காரணமாகக் கொள்ளுதல் இயலாது. மஞ்சட்கருவை மிகுதியாகச் சேர்த்து இனிப்புச் செய்யும் வழக்கம் ஸ்பானிய, போர்த்துக்கேயக் கன்னியர் மடங்களில் உறுதியாக வேரூன்றியிருந்தது. வைனைத் தெளிவிக்கவும் துணிக்குக் கஞ்சியிடவும் வெள்ளைக் கரு அங்கு பயன்பட்டமையால் மஞ்சட்கரு எஞ்சியது. ஆகவே பலகாரம் கடல்கடந்து வந்ததென்பதே பொருத்தம். எனினும் வந்தபின் நிகழ்ந்த மாற்றத்தை அக்கதை மறைத்துவிடுகின்றது. ஸ்பெயினில் பெரும்பாலும் போறணையில் வேகவைக்கப்படும் களி, போறணை இல்லாத வீடுகளிலே லியனேரா எனப்படும் நீள்வட்டத் தகரக்கலத்தில் வார்க்கப்பட்டுப் புத்தோவைப் போலவே ஆவியில் அவிக்கப்பட்டது. தயாப் என்னும் நாட்டுத் தேசிக்காயின் தோல் அதற்கு மணமூட்டியது. பத்துப் பன்னிரண்டு மஞ்சட்கருக்களை விழுங்கும் பலகாரமாதலின் திருவிழாவுக்கும் திருமணத்துக்குமே அது உரியதாயிற்று.

ஊபே எனப்படும் ஊதாக் கிழங்கு இவற்றுக்கு நேரெதிரானது. அது மண்ணின் பழைய உரிமையாளி. ஈழத்திலே இராசவள்ளி என வழங்கப்படுவதும் இதே தாவர இனமே. பொகோல் தீவில் இக்கிழங்கு கைதவறி நிலத்தில் விழுந்தால் எடுத்து முத்தமிடுதல் மரபு. பஞ்சகாலத்தில் உயிர்காத்த உணவுக்குச் செலுத்தும் மரியாதை அது. அக்கிழங்கை அவித்து, தோலுரித்து, துருவி, பாலும் சீனியும் வெண்ணெயும் சேர்த்துச் சட்டியின் ஓரத்தை விட்டுத் திரண்டு வரும்வரை கை ஓயாது கிண்டினால் ஊபே ஹலாயா கிடைக்கும். பெயர் ஸ்பானியம், பாலும் வெண்ணெயும் புதுவரவு, கிழங்கும் கிண்டும் கையும் பழையன.

பால் புதுவரவு என்று கூறுவதற்கு விளக்கம் வேண்டும். புலக்கான் மாகாணத்தின் சான் மிகுவேலில் எருமைப் பாலைச் சீனியுடன் வற்றக் காய்ச்சிச் செய்யும் பஸ்தில்லாஸ் புகழ் பெற்றது. அதனைச் சுற்றும் மெல்லிய வண்ணத் தாளிற் பூவும் குடிசையும் பெயரும் நுணுக்கமாக வெட்டி எடுப்பது அவ்வூர்ப் பெண்களின் கைவினை. ஆனால் எருமை உழவுக்குரிய விலங்கு; அதன் பால் எல்லா வீட்டுக்கும் எட்டவில்லை. 1898ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையின்படி இத்தீவுகளை ஸ்பெயினிடமிருந்து 20 மில்லியன் டொலருக்கு அமெரிக்கா பெற்றுக்கொண்டபின் தகரப்பேணிகளில் அடைத்த பால் பெருகி வந்தது. இன்று வீடுகளிற் செய்யும் பிளானிலும் ஹலாயாவிலும் பேணிப்பாலே நிறைந்திருக்கின்றது. துருவிய மரவள்ளியோடு தேங்காய்ப்பாலும் பேணிப்பாலும் கலந்து வேகவைக்கும் மரவள்ளிக் கேக்கில் மூன்று காலங்கள் ஒரே தட்டில் அமர்ந்திருக்கின்றன. சுவையில் அது குறைந்ததன்று. ஆனால் எந்நாட்டுப் பசுவின் பால் என்று கேட்கும்போதுதான் அரசியல் தெரியவருகின்றது.

அமெரிக்கர் கொணர்ந்த மற்றொன்று பனிக்கட்டி. 1902இல் மணிலாவின் பாசிக் ஆற்றோரம் அரசாங்கப் பனிக்கட்டித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. அதன் எதிர்பாராத விளைவு ஹாலோ-ஹாலோ. மணிலாவிற் குடியேறிச் சிறுகடை நடத்திய யப்பானியர், தம் நாட்டு வழக்கப்படி சீவிய பனிக்கட்டியின்மேற் சீனிப்பாகில் வேகவைத்த பயறும் பாலும் இட்டு விற்றனர். வரலாற்றாசிரியர் அம்பெத் ஒக்கம்போ ஹாலோ-ஹாலோவின் முன்னோடியென இதனையே காட்டுவார். 1941இல் போர் மூண்டது. 1942 தொடக்கத்தில் மணிலா யப்பானியப் படையிடம் வீழ்ந்தது. 1945இற் போர் முடிந்ததும் யப்பானியக் குடிகள் தாய்நாட்டுக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். கடைக்காரர் போயினர், கண்ணாடிக் குவளை எஞ்சியது. அதனுள்ளே உள்ளூரார் தமக்குப் பிடித்த யாவற்றையும் நிரப்பினர்: பாகிலிட்ட வாழைப்பழம், வற்றாளை, பலாச்சுளை, சவ்வரிசி, கடற்பாசிக் களி, மாக்கபுனோ என்னும் வழுக்கற் தேங்காய், மேலே ஒரு துண்டு பிளான், ஒரு கரண்டி ஊபே, எல்லாவற்றுக்கும் மேலே வறுத்த இளநெல் அவல். ஹாலோ என்றால் கலத்தல். அதனைக் கலப்பின் சின்னமெனப் போற்றுவோர் பலர். ஆனால் அக்குவளையை உற்று நோக்கின், அயல்நாட்டுப் பனிக்கட்டி அடியிற் கரைந்துபோக, தேங்காயும் அரிசியும் கிழங்கும் பழமுமே வாயில் எஞ்சுகின்றன.

தேங்காய் உலர்த்தும் இடங்களில் வீணாக ஊற்றப்பட்டுவந்த தேங்காய்நீரை நொதிக்கவிட்டுப் பெறும் நாத்தா தெ கொக்கோ என்னும் மெல்லிய களி, 1949இல் தெயோதுலா கலாவ் ஆஃப்ரிக்கா என்னும் பெண் இரசாயனவியலாளரின் முயற்சியால் உருவானது. அதற்கும் முன்னரே இத்துறையில் இறங்கியவர் மரியா ஒரோசா. 1916இல் அமெரிக்கா சென்று வாசிங்ரன் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் பயின்ற அவர் அங்கேயே தங்கிவிடாது 1922இல் நாடு திரும்பி, மணிலாவின் அறிவியற் பணியகத்திற் சேர்ந்தார். கோதுமை விளையாத நாடு கோதுமை மாவுக்குக் கைநீட்டி நிற்பதேன் என்பது அவரது வினா. மரவள்ளி, வாழை ஆகியவற்றின் மாவையும், அரிசித் தவிட்டிற் செய்த பிஸ்கற்றையும், மின்சாரமில்லாத கிராம வீட்டுக்கெனச் சமையற்பானையைக் கொண்டு அமைத்த போறணையையும் அவர் பரப்பினார். தக்காளிக்குப் பதிலாக வாழைப்பழத்தினாற் செய்த கெச்சப் அவர் பெயரை நிலைநாட்டியது. கிராமந்தோறும் பெண்கள் கழகங்களை அமைத்து உணவைப் பதனிடும் முறைகளைக் கற்பித்தார். ஆக்கிரமிப்புக் காலத்திற் கெரில்லாப் படையிற் சேர்ந்து, சிறைமுகாம்களிற் பட்டினி கிடந்தோருக்குத் தாம் ஆக்கிய சத்துணவை மறைவாக அனுப்பினார். 1945 பெப்ரவரி 13இல் மணிலாப் போரின்போது குண்டுச்சிதறல் பட்டு இறந்தார். தேசியம் என்பதை மேடையிலன்றி அடுப்படியில் வரையறுத்த இவருக்கு வரலாற்று நூல்களிற் கிடைத்த இடம் மிகச் சிறியது.

அந்நிய உணவு உள்ளூர் நாவுக்கும் பொருள்களுக்கும் ஏற்ப உருமாறி உள்ளூர் உணவாகிவிடும் இம்முறையைத் தெளிவுற விளக்கியவர் டொரீன் பெர்னாண்டஸ் (1934–2002) என்னும் அறிஞர். மேற்கூறப்பட்ட சான்றுகள் அவர் கருத்தையே வலியுறுத்துகின்றன. எனினும் அக்கருத்தோடு ஆய்வு நிறைவெய்திவிட முடியாது. அடுக்களை தனக்கு வந்த பொருளை ஆண்டதென்பது உண்மை. அப்பொருள் எவ்வாறு வந்ததென்பதிலே அடுக்களைக்கு எவ்வித அதிகாரமும் இருக்கவில்லை. சீனியைப் பொறுத்தவரை இது மிகவும் கசப்பான உண்மையாகும்.

கரும்பு இத்தீவுகளின் பழைய பயிர். மக்கள் அதனை மென்றனர். இலொக்கோஸில் அதன் சாற்றினால் பாசி என்னும் மதுவைச் செய்தனர். 1807இல் அம்மதுவின்மீது அரசு விதித்த கட்டுப்பாட்டை எதிர்த்துக் கிளர்ந்தெழவும் செய்தனர். ஏற்றுமதிப் பயிராகக் கரும்பு மாறியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேதான். 1855இல் பனாய்த் தீவின் இலொயிலோத் துறைமுகம் அந்நிய வாணிகத்துக்குத் திறக்கப்பட்டது. மறுவருடம் அங்கு பிரித்தானிய உபகொன்சலாக வந்த நிக்கலஸ் லோனி, மான்செஸ்ரர் துணியை இறக்கிச் சீனியை ஏற்றும் வாணிகத்தை வளர்த்தார். கரும்பாலை இயந்திரங்களையும் கடனுக்கு வழங்கினார். இலொயிலோ அதுவரை பெண்களின் கைத்தறியால் வாழ்ந்த பட்டினம். தறிகள் ஓய்ந்தன. எதிரே கிடந்த நெக்ரோஸ் தீவின் காடுகள் கரும்புப் பண்ணைகளாயின. அல்பிரட் மக்கோய் முதலிய ஆய்வாளர் இவ்வீழ்ச்சியையும் எழுச்சியையும் ஒரே நிகழ்ச்சியின் இரு பக்கங்களாகக் காட்டியுள்ளனர்.

அமெரிக்க ஆட்சி இப்பிணைப்பை இறுக்கியது. 1909ஆம் ஆண்டுச் சட்டம் வருடத்துக்கு 300,000 தொன் சீனியைத் தீர்வையின்றி அமெரிக்காவுக்கு அனுப்ப இடமளித்தது. 1913இல் அவ்வெல்லையும் நீக்கப்பட்டது. பண்ணை முதலாளிகள் மாளிகை கட்டினர். பனாயிலிருந்து பருவத்துக்கு வந்து கரும்பு வெட்டிய சக்காடா எனப்படும் கூலியாட்கள் கடனோடு வந்து கடனோடு திரும்பினர். அறுவடைக்கும் அடுத்த அறுவடைக்கும் இடைப்பட்ட மாதங்களுக்கு நெக்ரோஸில் 'செத்த காலம்' என்று பெயர். கூலி இல்லாத அம்மாதங்களில் கரும்பைத் தவிர வேறெதுவும் பயிரிட நிலமும் இல்லை. 1974இல் அமெரிக்காவுடனிருந்த சலுகை ஒப்பந்தம் முடிவடைந்தது. உலகச் சந்தையிற் சீனி விலை சரிந்தது. மார்க்கோஸ் ஆட்சி சீனி வாணிகத்தைத் தனியுரிமையாக்கித் தன் நண்பர் கையில் ஒப்படைத்தது. எண்பதுகளின் நடுப்பகுதியில், நாட்டின் சீனிக் களஞ்சியமெனப்பட்ட நெக்ரோஸிலே குழந்தைகள் பட்டினியால் மடிந்தனர். 1985 செப்ரெம்பர் 20இல் எஸ்கலாந்தே நகரிற் கூடிய தொழிலாளர் மீதும் விவசாயிகள் மீதும் ஆயுதப்படையினர் சுட்டதில் 20 பேர் உயிரிழந்தனர்.

அதே நெக்ரோஸின் சீலாய் நகரம் பலகாரத்துக்குப் பெயர்போனது. அங்கே மனுக்லிபொட் எனப்படும் பெண்கள், வீடுகளில் ஆக்கிய பலகாரங்களைக் கூடையில் அடுக்கித் தலையிற் சுமந்து, பண்ணை முதலாளிகளின் மாளிகைகளில் சூதாட்ட மேசைகளைச் சுற்றியிருந்தோரிடம் விற்றுவந்தனர். மாளிகையின் உள்ளே பரிமாறப்பட்ட இனிப்பு, முந்திரியும் வெண்ணெயும் முட்டை வெண்கருவும் அடுக்கடுக்காக அமைந்த, பிரெஞ்சுப் பெயர் தாங்கிய சான் ரிவால். ஏழை எளியவரும் வாங்கி உண்ண முடிந்தது பியாயா. கோதுமை மாவைத் தட்டையாகத் தேய்த்து, அதன் நடுவிலே சுத்திகரிக்கப்படாத கருஞ்சீனியை வைத்து மூடி, எள்ளுத் தூவி, வெறுந்தட்டிலே சுட்டெடுப்பது அது. முட்டை, பால், வெண்ணெய் எதுவும் அதனுள் இல்லை. அதன் உள்ளீடு முழுவதும் அவ்வயல்களிற் கரும்பு வெட்டியவர்களின் உழைப்பில் வந்த சீனியே.